பல்பின் அடியைப் பாருங்கள்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்கள் அலங்கார விளக்கு வாங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்பு என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இங்கே அதன் பெயர் குளோப். வந்த முதல் வாரம் சாட்ஸ்வர்த்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில், “பின் குளோபா, ஸ்க்ரூ குளோபா?” என்று கேட்டார்கள். பள்ளிக்கூட மேசை மேல் இருக்கும் உலக உருண்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. டிராஃபிக் சிக்னலை ரோபோட் என்று சொல்கிற ஊர் இது, குளோபுக்கும் பழகிக்கொண்டேன். பழகாதது அந்தக் கேள்வியின் மறுபாதிதான். பின்னா, ஸ்க்ரூவா?

ஊரில் நம்மில் பலருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் வளர்ந்த வீட்டில் கூடம், சமையலறை, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றிலும் ஒரே ஹோல்டர். இரண்டு பக்கமும் சின்ன முளை வைத்த பல்பை அழுத்தி, லேசாகத் திருப்பி விட்டால் முடிந்தது. ஜீரோ வாட் பல்புக்கும் அதே ஹோல்டர்தான். (ஜீரோ என்று பேர், உள்ளே 15 வாட் வரை இழுக்கும். அது வேறு கதை.) தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பின் ஹோல்டரும் உண்டு, ஐரோப்பாவின் திருகு ஹோல்டரும் உண்டு. ஒரே வீட்டில் கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் இன்னொன்று இருக்கும். அலங்கார விளக்கு என்று இறங்கினால் இன்னும் நாலைந்து வகை சேர்ந்துகொள்ளும்.

முதல் தீபாவளிக்கு ஐந்து கை வைத்த ஒரு சின்ன சாண்டிலியர் வாங்கினேன். தனியாக ஐந்து மெழுகுவர்த்தி வடிவ பல்புகளும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் விளக்கில் சின்னத் திருகு, பல்பில் சின்னப் பின். உறையைக் கிழித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பின்கட்டு. இங்கே அதை அவுட்பில்டிங் என்பார்கள். முன்வீட்டில் இருந்த ஆன்ட்டிக்கு தமிழ் பேச வராது, சாப்பாட்டுப் பேரும் சாமிப் பேரும் மட்டும் தமிழில் வரும். அவர்தான் ஆங்கிலத்தில் அந்த ஒரே உருப்படியான புத்தியைச் சொன்னார்: அடுத்த முறை பழைய குளோபைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போ.

இதைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, பொருந்திய பிறகும் எரியாத, அல்லது எரியக்கூடாத பல்புகளைப் பற்றியது. அதற்குத் தொடர்ந்து படியுங்கள்.

முதல் வேலை: எழுத்தையும் எண்ணையும் படிப்பது

பல்பின் உறையிலோ கழுத்திலோ இ27, பி22, ஜியு10 என்று எதாவது அச்சிட்டிருக்கும். முதலில் வரும் ஆங்கில எழுத்து அடி எந்த ஜாதி என்று சொல்லும். இ என்றால் எடிசன், அதாவது மரை போட்ட திருகு. பி என்றால் பேயோனெட், நம் ஊர்ப் பின். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகித் திருப்பிப் பூட்டுவது போல இருப்பதால் அந்தப் பெயர். ஜி என்று தொடங்கினால் கண்ணாடியிலிருந்தோ பீங்கானிலிருந்தோ இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் வகை.

பின்னால் வரும் எண் மில்லிமீட்டர். இ வகைக்கும் பி வகைக்கும் அது அடியின் குறுக்களவு. ஜி வகைக்கு இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள தூரம். அவ்வளவுதான் சூத்திரம். பி22 என்பதன் பின்னால் சில உறைகளில் சின்ன எழுத்தில் டி என்றும் இருக்கும். அடியில் இரண்டு தொடுபுள்ளி இருக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

உறையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள், அச்சும் அழிந்துவிட்டது என்றால் அளக்க வேண்டியதுதான். ஸ்கேல் தேட வேண்டாம். புதிதாக வந்தவர்கள் பர்ஸில் எப்படியும் நாலு இந்தியக் காசு கிடக்கும். 10 ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். பல்பின் அடியை அதன் மேல் நிற்க வைத்தால் விளிம்போடு விளிம்பு சரியாக வந்தால் இ27. 2011இல் ரூபாய்க் குறியோடு வந்த 1 ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட 22. அதன் மேல் உட்கார்ந்தால் பி22. இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஸ்கேல்தான் தேட வேண்டும், மன்னிக்கவும். இ14க்குக் காசு கிடையாது, ஆனால் அதற்கு அளவே தேவையில்லை. திருகு வகையாக இருந்து, சுண்டுவிரல் பருமனுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் இருந்தால் அது இ14.

வீட்டுக்குள் எதிர்ப்படும் குடும்பங்கள்

பெரிய பின்னான பி22 பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இந்தியாவிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த பி22 பல்பு இங்கே தாராளமாக எரியும். இந்த வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருப்பதால் ஆட்டத்தில் தளராது. ஃபேனோடு சேர்ந்த விளக்கில் இ27 போட்டிருந்தால் சில மாதத்தில் மரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று மினுக்கத் தொடங்கும். பல்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடும் முன் சுவிட்சை அணைத்து ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

பெரிய திருகான இ27தான் இப்போது அலங்கார விளக்குகளின் அரசன். தொங்கும் விளக்கு, மூங்கில் கூடை விளக்கு, நிற்கும் விளக்கு எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. உள்ளே மஞ்சள் இழை தெரிகிற பழைய பாணி எல்இடி பல்புகளும் இந்த அடியில்தான் அதிகம் கிடைக்கும். வீட்டில் ஹோல்டர் பி22 ஆக இருந்து, வாங்க ஆசைப்பட்டது இ27 ஆக இருந்தால் நடுவில் போட ஒரு மாற்றி (அடாப்டர்) கிடைக்கும். ஒன்றிரண்டு இடத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் பல்பு ஒரு விரல் உயரம் கீழே இறங்கும். ஷேடுக்கு வெளியே பல்பு எட்டிப் பார்க்கும், கண்ணில் அடிக்கும். கனமான பெரிய உருண்டை பல்பை மாற்றியில் தொங்கவிடுவதும் எனக்குப் பிடிக்காது.

ஷேடு என்றதும் ஒன்று. யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. ஹோல்டரின் வகை மாறினால் ஷேடின் நடு வளையமும் மாறும். பின் ஹோல்டருக்கான வளையம் சுமார் 29 மில்லிமீட்டர். பெரிய திருகு ஹோல்டருக்கு 40ஐத் தாண்டும். சின்ன வளையம் உள்ள ஷேடு இ27 ஹோல்டரில் ஏறவே ஏறாது. பெரிய வளையம் பின் ஹோல்டரில் நிற்காமல் வழுக்கி விழும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் குறுக்கு வளையம் போட வேண்டும். ஆகவே ஷேடு மட்டும் தனியாக வாங்குவதானால் வளையத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

அடுத்து சின்னவர்கள். இ14 சின்னத் திருகு, பி15 சின்னப் பின். சாண்டிலியர், சுவர் விளக்கு, படுக்கை பக்கத்து விளக்கு இவற்றில் இவை இரண்டும்தான் மாறி மாறி வந்து ஏமாற்றும். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி மெழுகுவர்த்தி வடிவத்தில் நிற்கும், உறையின் நிறம்கூட ஒன்றாக இருக்கும். நான் ஏமாந்தது இங்கேதான். புதிதாக வரும் விளக்குகளில் இ14 அதிகம் காண்கிறேன். பி15 பெரும்பாலும் பழைய வீடுகளில், பழைய பித்தளைச் சுவர் விளக்குகளில் கிடைக்கும்.

இ14 பல்பை விளக்குக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜ், சமையலறைப் புகைபோக்கி, ஓவன் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். இதில் ஓவன் பல்பு மட்டும் தனி. 300 டிகிரி வரை தாங்கும்படி செய்தது. அங்கே எல்இடி போட்டால் உருகிவிடும்.

இமயமலை உப்பு விளக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்குள் வழக்கமாக 15 வாட் இ14 பல்பு இருக்கும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நான் எல்இடி போட்டேன். இரண்டே வாரத்தில் விளக்கு வியர்த்து, மேசை நனைந்தது. டர்பன் கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம். உப்பு அதை உறிஞ்சும். பழைய பல்பின் சூடுதான் அதை உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறது. எல்இடிக்கு அந்தச் சூடு இல்லை. ஓவனை விட்டால் சிக்கனம் பலிக்காத இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பழைய வகையையே போடுங்கள், அல்லது உப்பு விளக்கை யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுங்கள்.

பொருந்தினாலும் எரியாதவை

இப்போது கூரைக்குள் பதித்த டவுன்லைட்டுகள். புது அடுக்குமாடி வீடுகளில் குடியேறுபவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். எதிரில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வட்டம், ஒரே 50 மில்லிமீட்டர் முகம். கழற்றித் திருப்பினால்தான் தெரியும்.

கம்பிகள் கட்டையாக, நுனியில் தொப்பி வைத்தது போல, 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஜியு10. செருகித் திருப்ப வேண்டும். நேராக 230 வோல்ட்டில் ஓடும். வேறு தொல்லை இல்லை.

கம்பிகள் ஊசி போல மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் ஜியு5.3. கடையில் பெரும்பாலும் எம்ஆர்16 என்றே சொல்வார்கள். அது உண்மையில் முகத்தின் அளவு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வீதம் 16, அதாவது 2 அங்குலம். இது 12 வோல்ட் பல்பு. கூரைக்குள் எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்துகொண்டு 230ஐ 12 ஆக இறக்கிக் கொடுக்கும்.

சரி, பழைய ஹாலஜனைக் கழற்றிவிட்டு அதே அடியில் எல்இடி வாங்கிச் செருகினால் போதும்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது வீட்டில் கூடத்தில் ஆறு விளக்கு. ஆறையும் மாற்றினேன். மூன்று எரிந்தன, இரண்டு மின்மினி போல மினுக்கின, ஒன்று அசையவே இல்லை. கூரைக்குள் எட்டிப் பார்த்த எலக்ட்ரீஷியன் டிரான்ஸ்ஃபார்மரின் முதுகைக் காட்டினார். 20 முதல் 60 வாட் என்று எழுதியிருந்தது. கீழே 50 வாட் ஹாலஜன் இருந்தவரை அதற்கு வேலை இருந்தது. 5 வாட் எல்இடி வந்ததும், சுமை 20க்குக் கீழே போய்விட்டதால் அது எழுந்திருக்க மறுத்தது. அடி பொருந்தியது, வோல்ட்டும் பொருந்தியது, ஆனாலும் எரியவில்லை.

இதற்கு இரண்டு வழி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக எல்இடிக்கென்றே வரும் 12 வோல்ட் டிரைவர் பெட்டியைப் போடலாம். அல்லது டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டு ஜியு10 ஹோல்டர் போட்டுவிடலாம். நான் இரண்டாவதைச் செய்யச் சொன்னேன். அடுத்து வரப்போகிறவனும் பல்பு வாங்கக் கஷ்டப்படக் கூடாது. இரண்டுமே எலக்ட்ரீஷியன் வேலை, நாமே செய்வதற்கில்லை.

இதே ஜாதியில் ஜி4, ஜி9 என்று இரண்டு குட்டிகள் உண்டு. படிகக் கண்ணாடி தொங்கும் நவீன விளக்குகளில் இவைதான் இருக்கும். ஜி4க்கு நேரான ஊசிக் கம்பிகள், பெரும்பாலும் 12 வோல்ட். ஜி9க்குக் கம்பி வளைந்து காது போல இருக்கும், அது 230 வோல்ட். ஹாலஜன் வகையாக இருந்தால் வெறும் விரலால் கண்ணாடியைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிக் கண்ணாடி சீக்கிரம் போய்விடும். துணியால் பிடித்துப் போடுங்கள்.

பொருந்தியும் ஆபத்தாக முடிகிற இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வரும் அன்பளிப்பு. நம் வீடுகளில் எப்படியும் நியூஜெர்சியில் ஒரு மைத்துனர் இருப்பார். அங்கே பெரிய திருகு இ26. நம் இ27க்கும் அதற்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அழகாக ஏறி உட்காரும். ஆனால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. 230இல் சுவிட்சைப் போட்ட உடனே பட்டென்று போகும். சின்ன விளக்குகளில் அவர்களுடைய இ12 வரும், அதற்கு இங்கே பல்பு தேடுவதே பெரும்பாடு. அங்கிருந்து விளக்கு வாங்கி வரட்டுமா என்று கேட்டால், சாக்லேட் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

ஊரிலிருந்து மேசை விளக்கு கொண்டுவருபவர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக்தான் பிரச்சினை. இங்கே வழக்கமாக இருக்கும் பெரிய மூன்று உருண்டைக் கம்பி பிளக், நம் ஊரில் கிரைண்டருக்கும் ஏசிக்கும் போடும் 15 ஆம்பியர் பிளக்கின் உடன்பிறப்பு. விளக்குக்கு வரும் சின்ன 5 ஆம்பியர் பிளக் அதில் நிற்காது. பிளக்கையே மாற்றிவிடுவது அடாப்டர் போடுவதைவிட நல்லது.

வடிவம், வெளிச்சம், நிறம்

அடி சரியாகிவிட்டால் மிச்சம் எல்லாம் ரசனை. ஆனால் அதற்கும் கொஞ்சம் எண் படிக்க வேண்டும். சி35 என்றால் 35 மில்லிமீட்டர் பருமனுள்ள மெழுகுவர்த்தி வடிவம். ஜி45 கோல்ஃப் பந்து, ஜி95 ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரிய உருண்டை. எஸ்டி64 கண்ணீர்த்துளி வடிவம். ஏ60 சாதாரண பல்பு. இங்கே எண் கண்ணாடியின் பருமன், அடியின் பருமன் இல்லை. ஜி9 என்பது அடி, ஜி95 என்பது உருவம். கடையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வெளிச்சத்தை வாட்டில் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லூமன் பாருங்கள். பழைய 60 வாட் பல்பு தந்தது சுமார் 800 லூமன், 40 வாட் தந்தது சுமார் 470, 25 வாட் தந்தது சுமார் 250. ஐந்து கை சாண்டிலியருக்கு ஆளுக்கு 470 போட்டால் சின்னக் கூடத்தில் கல்யாண மண்டப வெளிச்சம் வந்துவிடும். 250 போதும் என்பது என் கட்சி. மின்சாரக் கணக்குப் பார்த்தால் எல்இடிதான் லாபம்: பழைய 40 வாட் ஐந்து, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 4 வாட் எல்இடி ஐந்து எரிந்தால் பத்தில் ஒரு பங்கு. ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் வாங்கி ஏற்றுகிறவர்களுக்கு இது உடனே கண்ணில் தெரியும். இங்கே சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. 2023 மேயில் வந்த அரசு விதியின்படி பொதுப் பயன்பாட்டுக் குளோப் ஒரு வாட்டுக்குக் குறைந்தது முதல் கட்டத்தில் 90 லூமன், அடுத்த கட்டத்தில் 105 தர வேண்டும். அதனால் பழைய இழை பல்புகளை நம்பி விளக்கு வாங்காதீர்கள்.

நிறம் கெல்வினில். 2200 எண்ணெய் விளக்கின் பக்கத்து மஞ்சள், 2700 முதல் 3000 வரை இதமான மஞ்சள், 4000 வெள்ளை, 6500 ஆஸ்பத்திரி. நம்மவர்கள் ட்யூப் லைட்டில் வளர்ந்தவர்கள், 6500தான் வெளிச்சம் என்று மனதில் பதிந்திருக்கிறது. படிக்கும் மேசைக்கும் சமையலுக்கும் வெள்ளை இருக்கட்டும். பித்தளை, மரம், பட்டு இதெல்லாம் மஞ்சளில்தான் முகம் காட்டும். சாமி மாடத்துக்கு 2200இல் ஒரு சின்ன இ14 போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்கு ஏற்றும்போது இரண்டு வெளிச்சமும் சண்டை போடாமல் இருக்கிறது. ஒரே விளக்கில் இரண்டு நிறம் கலந்துவிடாதீர்கள். ஒரு பல்பு போனால் மாற்ற, வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது அதற்குத்தான்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் டிம்மருக்கு ஏற்றது என்று உறையில் எழுதியிருக்கும் எல்இடி மட்டும். இல்லாவிட்டால் மினுக்கும், சில நேரம் ரீங்காரமிடும். முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போடுவதானால் அதற்கு ஏற்றது என்றும் எழுதியிருக்க வேண்டும். எல்இடியின் சூடு அடிப்பகுதியில்தான் தேங்கும், காற்று இல்லாத கூண்டில் அதன் ஆயுள் குறையும். வாசல், பால்கனி என்றால் தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று சொல்லும் ஐபி எண்ணையும் பாருங்கள், 44க்குக் குறையக் கூடாது. மழை நேராக அடிக்கும் இடம் என்றால் ஐபி65.

மாற்றும்போது

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிபி போர்டில், அதாவது வீட்டுக்கு வரும் கரண்ட் பிரியும் பெட்டியில், லைட்டுக்கான டிரிப் சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். திருகு ஹோல்டரில் நடுப்புள்ளிக்குத்தான் ஃபேஸ் வர வேண்டும், மரைக் கூடு நியூட்ரல். யாரோ ஒருவர் மாற்றிக் கட்டியிருந்தால், பல்பைத் திருகும்போது உங்கள் விரல் படும் அந்த மரையிலேயே கரண்ட் இருக்கும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் எர்த் லீக்கேஜ் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். பல வீடுகளில் அது பிளக் பாயின்ட்டுகளை மட்டும் காக்கும், லைட் சர்க்யூட் அதன் வழியாகப் போகாது.

லோட் ஷெடிங் நேரத்தில் (முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்தும் நேரம்) இருட்டாக இருக்கிறது, கரண்ட் இல்லை, இப்போதே மாற்றிவிடலாம் என்று நாற்காலி போட்டு ஏறாதீர்கள். கரண்ட் சொல்லிக்கொண்டு வராது.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் மலிவான அலுமினிய அடி ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டுவிடும். பலமாகத் திருகினால் கண்ணாடி மட்டும் கையோடு வந்து, அடி உள்ளேயே தங்கிவிடும். அப்போது பதறாமல் மெயினையே இறக்கிவிட்டு, கையுறை போட்டு, நீள மூக்குக் குறடால் விளிம்பைப் பிடித்து இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். வாசல் விளக்குக்குப் பித்தளை அடியுள்ள பல்பைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். ஐந்து ரேண்டு பத்து ரேண்டு கூடுதலாக இருக்கும், இருக்கட்டும்.

விளக்கில் அதிகபட்சம் 40 வாட் என்று ஒட்டியிருந்தால் அது பல்பு உண்மையில் இழுக்கும் வாட்டுக்கான கணக்கு. ‘60 வாட்டுக்கு இணை’ என்று உறையில் இருக்கும் 8 வாட் எல்இடி அந்த விளக்கில் தாராளமாகப் போகலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பல்பு மாற்ற யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் கூரையிலிருந்து முழு விளக்கையும் இறக்கிப் புதியது மாட்டுவதானால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இங்கே வீடு கைமாறும்போது மின் இணைப்புகள் விதிப்படி இருக்கின்றன என்ற சான்றிதழ் வேண்டும். நாம் ஒட்டுப்போட்ட வயர் அவர்கள் தலையில் விடியும். கழற்றிய பழைய விளக்கை அதன் பல்போடு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். எங்கள் ஆன்ட்டி அந்தப் பெட்டியைத்தான் முதலில் கேட்டார், சாவியைக்கூட அப்புறம்தான்.

கரண்ட் போனாலும் எரியும் குளோப்

2023இல் இங்கே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு நாளில் பல மணி நேரம் இருட்டு. அப்போது கடை கடையாக வந்தவைதான் உள்ளே பேட்டரி வைத்த குளோப்கள். பி22, இ27 இரண்டிலும் கிடைக்கும். சாதாரண பல்பு போலவே மாட்டி, சுவிட்சைப் போட்டே வைத்திருக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது எரிந்துகொண்டே சார்ஜ் ஏறும், போனால் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கும். கழற்றிக் கையில் பிடித்து அடியின் தொடுபுள்ளிகளை ஈர விரலால் தொட்டால் எரியும். முன்வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மாயாஜாலம், எங்கள் வீட்டு குளோப் இரண்டு நாளில் பேட்டரி தீர்ந்து செத்தது.

இவை அழகுக்கானவை அல்ல. வெளிச்சம் வெள்ளை, அடி தடிமன். சாண்டிலியரில் போட்டால் விகாரமாக இருக்கும். டிம்மரிலும் மூடிய கூண்டிலும் போடக் கூடாது. மாடிப்படியில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரிப்பை இறக்கிவிட்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு பல்பையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். அறை, அடி, எண்ணிக்கை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிபி போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். கடைக்குப் போகும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும், கைப்பையில் பல்பைச் சுமக்க வேண்டாம். எங்கள் சீட்டில் கூடம், ஜியு10, 6 என்று தொடங்கும். கடைசி வரி ஃப்ரிட்ஜ், இ14, 1. அன்றைக்கு வாங்கிய சாண்டிலியருக்கு இ14 ஆறு வாங்கினேன், ஐந்து கைக்கு ஐந்து போக மிஞ்சிய ஒன்றுதான் ஃப்ரிட்ஜுக்குள் இன்னும் எரிகிறது.